ஃபீஸ் இல்லாத ஜெர்மன் படிப்பு: கணக்குப் போட்டுக் கிளம்ப 18 குறிப்புகள்

பி.இ. முடித்த கையோடு "ஜெர்மனிக்குப் போய் எம்.எஸ். படிக்கிறேன், அங்கே ஃபீஸ் கிடையாது" என்று சொல்லும் பிள்ளைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சொல்வது உண்மைதான். அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கல்விக்கட்டணம் இல்லை. ஆனால் வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் உண்டு. அந்தச் செலவு எங்கெங்கே வரும் என்று முன்பே தெரிந்துகொண்டால், வீட்டை விற்காமலே பிள்ளையை அனுப்பிவைக்கலாம்.

1. "இலவசமாகப் படிக்க ஐரோப்பிய நாடுகள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஸ்வீடன் 2011-லும் ஃபின்லாந்து 2017-லும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. நார்வே 2023-ல் சேர்ந்துகொண்டது. பட்டியல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே மேற்கொண்டு படியுங்கள்.

2. ஜெர்மனிக்குள்ளேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃபிரைபுர்க் எல்லாம் இந்த மாநிலத்தில்தான் வரும். நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ. பவேரியாவில் கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைப் படிப்புக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்திருக்கிறது. பெயர் பெற்ற இடம்தான். ஆனால் "ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை" என்று நினைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பித்தால் பட்ஜெட் உடைந்துவிடும்.

3. அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் கட்டணம் சாதாரணம். "ஜெர்மனியில் சீட் வாங்கித் தருகிறோம்" என்னும் ஏஜென்சிகளில் பல, தனியார் கல்லூரிகளையே முன்னால் தள்ளுகின்றன. காரணம் கமிஷன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. கவுன்சலர் எடுத்த எடுப்பிலேயே தனியார் கல்லூரி பெயரைச் சொன்னால், "இதே பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தமாக விண்ணப்பிக்கத் தேவையான எல்லாத் தகவலும் ஆங்கிலத்திலேயே, பைசா செலவில்லாமல் கிடைக்கிறது.

4. பாடத்தைத் தேட, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் இணையத் தரவுத்தளம் போதும். ஆங்கிலவழிப் படிப்பு, பாடம், ஊர், கட்டணம் உண்டா இல்லையா என்று வடிகட்டிப் பார்க்கலாம். கிடைத்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் சொந்த இணையப் பக்கத்திலும் கடைசித் தேதியைச் சரிபாருங்கள். "ஹோக்ஷூலே" என்று பெயரில் வந்தால் தாழ்வாக நினைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலைகளோடு நெருங்கி இயங்கும் செயல்முறைக் கல்விக்கூடங்கள். வேலைதான் குறி என்றால் பல நேரம் இவையே நல்ல தேர்வு.

5. நம் சி.ஜி.பி.ஏ.-வை அவர்கள் தங்கள் மதிப்பெண்ணாக மாற்றிப் பார்ப்பார்கள். அங்கே 1 தான் உயர்ந்தது, 4 என்றால் தேர்ச்சியின் எல்லை. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். வந்ததை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 10-க்கு 8 வாங்கியிருந்து, தேர்ச்சி 5 என்றால் விடை 2.2. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன. வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கிடைக்க வாய்ப்பில்லாத இடங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் வீணாகாது.

6. ப்ளஸ் டூ முடித்தவுடன் இளநிலைப் படிப்புக்கு அனுப்ப நினைப்பவர்கள் சற்று நிதானியுங்கள். நம் ப்ளஸ் டூ மட்டும் அங்கே நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே ஒரு கல்லூரியில் வெற்றிகரமாக முடித்த ஓராண்டோ, அங்கே "ஸ்டூடியன்கொல்லேக்" என்னும் ஓராண்டு ஆயத்தப் படிப்போ வேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். என் கருத்தில், இளநிலையை இங்கே முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதே நடுத்தரக் குடும்பத்துக்குச் சிக்கனம்.

7. ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு மாணவர் விசா வாங்க இது கட்டாயம். நம் மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று டெல்லியில் சரிபார்த்துத் தருவார்கள். கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பம் குவியும் மாதங்களில் நாள் ஆகும். அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு செமஸ்டரே தள்ளிப்போகலாம்.

8. பல பல்கலைக்கழகங்கள் "யூனி-அசிஸ்ட்" வழியாக விண்ணப்பம் பெறுகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நேரடியாக விண்ணப்பம் வாங்கும் இடங்களில் பலவற்றில் கட்டணமே இல்லை. இரண்டையும் கலந்து ஏழெட்டு இடங்கள் தேர்ந்தெடுத்தால் போதும். குளிர்கால செமஸ்டருக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. ஆனால் வெளிநாட்டினர் அதிகம் சேரும் ஆங்கிலவழிப் படிப்புகள் பல, மார்ச் முதல் மே மாதத்துக்குள்ளேயே கதவை மூடிவிடும்.

9. பெற்றோரை மிகவும் மிரள வைப்பது "பிளாக்டு அக்கவுன்ட்". முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கு உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறார்கள். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இந்தப் பணம் யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல. உங்கள் பணம்தான். பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் அதன் கையிலேயே வந்துவிடும். விசா மறுக்கப்பட்டால் கணக்கை மூடித் திரும்ப வாங்கலாம். தொகை அவ்வப்போது உயரும் என்பதால், பணம் கட்டும் வாரத்தில் தூதரக இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, படிப்பு இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணவசதியைக் காட்டச் சொல்வார்கள். வட்டிக்கு வாங்கி முதலாண்டுத் தொகையை மட்டும் புரட்டிவிட்டு, "அப்புறம் பார்ட் டைம் பார்த்துச் சமாளித்துக்கொள்வான்" என்று அனுப்புவது பிள்ளையின் தலையில் பெரிய சுமை ஏற்றுவது.

10. ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மனாவ் போன்ற ஊர்களில் மாணவர் விடுதி அறை மாதம் 300 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். மியூனிக்கில் பலரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரே ஓர் அறைக்கு 700, 800 யூரோ என்பது வழக்கம். மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள்: சிறிய ஊரில் வாடகை 300, இன்சூரன்ஸ் 145, சமைத்துச் சாப்பிட 200, போன் 30, செமஸ்டர் தொகையின் (குறிப்பு 11) மாதப் பங்கு 50. மொத்தம் 725. வரும் 992-ல் கொஞ்சம் மீதியும் நிற்கும். அதே பட்டியலில் வாடகையை 750 ஆக்கினால் 1,175. மாதாமாதம் 183 யூரோ பற்றாக்குறை, இரண்டு ஆண்டில் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். தரவரிசையில் பத்து இடம் கீழே இருக்கிறது என்பதற்காகச் சிறிய ஊரை ஒதுக்கிவிடாதீர்கள். கல்விக்கட்டணம் இல்லாத நாட்டில் ஃபீஸ் போல நின்று பணம் கேட்பது வாடகைதான்.

11. செமஸ்டர் தொகை என்று 100 முதல் 400 யூரோ வரை எல்லோரும் கட்ட வேண்டும். அதிகமாகத் தெரிந்தால், அதற்குள் பேருந்து, ரயில் பாஸ் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அடங்கியிருக்கும்.

12. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே "ஷ்டூடியெரன்டன்வெர்க்" விடுதிக்கு விண்ணப்பம் போடுங்கள். மாணவர் விடுதிகளையும் பல்கலைக்கழக உணவகங்களையும் நடத்தும் பொது அமைப்பு அது. காத்திருப்போர் வரிசை நீளம். தனியார் அறை பார்க்கும்போது விளம்பரத்தில் "கால்ட்மீட்டே" என்று போட்டிருந்தால் அது வெறும் வாடகை. வெந்நீர், வெப்பமூட்டும் செலவு எல்லாம் அதற்குமேல். "வார்ம்மீட்டே" எவ்வளவு என்றே கேளுங்கள். முன்பணமாக மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. அறையை யாரும் நேரில் பார்க்காமல், ஒப்பந்தமும் இல்லாமல், "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் எழுதினால் அது மோசடி. இதில் பணம் இழக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்த ஊரில் இருக்கும் சீனியர் மாணவரைப் போய்ப் பார்த்துவரச் சொல்லத் தயங்காதீர்கள்.

13. மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு சார்ந்த காப்பீட்டில் மாதம் 140 முதல் 150 யூரோ. தனியார் திட்டம் பாதி விலைக்கு வருகிறது என்று ஆசைப்பட்டு மாறிவிடாதீர்கள். அரசு சார்ந்த காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. 30 தாண்டியவர்களுக்கு மாணவர் சலுகை கிடையாது என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

14. வேலை பார்க்க அனுமதி உண்டு: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்; படிப்புக்கும் பலன். முதல் செமஸ்டரில் வேலை கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். குளிர், புது மொழி, புதுப் பாடமுறை என்று எல்லாம் ஒன்றாக வரும் காலம் அது.

15. படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் கற்றுக்கொள்வது செலவைக் குறைக்கும் வழிதான். ஏ1, ஏ2 என்னும் தொடக்க நிலைகளை இங்கேயே முடித்துவிட்டால், அங்கே போனவுடன் கடையிலோ உணவகத்திலோ வேலை கேட்க வாய் வரும். படிப்பு முடிந்து வேலை தேடும்போது பல நிறுவனங்கள் அடுத்த நிலைகளான பி1, பி2 கேட்கும். சென்னை நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள மேக்ஸ் முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் உண்டு.

16. உதவித்தொகைகளை "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விட்டுவிடாதீர்கள். டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகையில் ஒரு பிரிவு, இரண்டு ஆண்டு பணி அனுபவம் உள்ள வளரும் நாட்டினருக்கே உரியது. கொன்ராட் அடெனவர், ஃபிரீட்ரிக் ஏபெர்ட், ஹைன்ரிக் பியோல் அறக்கட்டளைகள் சமூகப் பணியில் ஈடுபாடுள்ள வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கின்றன. "டாய்ச்லான்ட்ஷ்டிபெண்டியும்" மாதம் 300 யூரோ. எந்த நாட்டவரும் தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கலாம். பட்டியலினக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. வருமானச் சான்றிதழைப் புதுப்பித்து, சாதிச் சான்றிதழோடு கையில் வைத்திருங்கள். தகுதி இருந்தும் தாசில்தார் அலுவலகத்தில் காகிதம் கிடந்ததால் வாய்ப்பை இழப்பது மனம் பொறுக்காத விஷயம்.

17. பெட்டி கட்டுமுன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கண் பரிசோதித்து இரண்டு ஜோடிக் கண்ணாடி வாங்குங்கள். அங்கே கண்ணாடிக்குக் கைக்காசுதான். குக்கர் கொடுத்து அனுப்புவதானால் அடி தட்டையாக, மின் அடுப்புக்கு ஏற்றதாக இருக்கட்டும். அரிசி, பருப்பு, மஞ்சள்தூள் எல்லாம் அங்கே ஏசியன் கடைகளில் கிடைக்கும். அதற்கு எடையைச் செலவழிக்க வேண்டாம். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்கட்டும். வானொலிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது வீட்டுக்கு ஒன்றுதான். அறைத் தோழர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

18. நடுவில் பணம் தீர்ந்துபோனால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று, கிளம்பும் முன்பே பிள்ளையிடம் பேசி வையுங்கள். வீட்டுக் கஷ்டத்தை நினைத்து, ஒருவேளை சாப்பிட்டுக்கொண்டு "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. ஷ்டூடியெரன்டன்வெர்க் அலுவலகங்களில் மாணவர்களுக்கென்றே இலவச ஆலோசனை உண்டு. ஊருக்கு ஊர் உள்ள கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மாணவர் அமைப்புகளிடம் நெருக்கடியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அவசர நிதி இருக்கும். எந்த மதம் என்று பார்க்காமல் உதவுகிறார்கள். இந்த இரண்டு இடங்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குறித்துவைத்து, ஒரு பிரதியை வீட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.