நீல மீன்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஈஸ்ட் லண்டன் என்னும் துறைமுக நகரத்தில் சிறியதொரு பொருட்காட்சிச் சாலை இருந்தது. 1931-ஆம் ஆண்டில் அதன் காப்பாளராக மார்ஜரி கோர்ட்டனே-லாட்டிமர் என்னும் பெண்மணி அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. விலங்கியலில் பட்டம் பெற்றவரல்லர். எனினும் பறவை, சிப்பி, செடி, கொடி யாவற்றையும் கூர்ந்து நோக்கித் திரட்டும் ஆர்வம் இளமையிலேயே வாய்க்கப்பெற்றவர். அக்கரையோரத்து உயிர்களைத் தம் காட்சிச் சாலையில் தொகுத்து வைக்க விழைந்த அவர், மீன்பிடி கப்பலோட்டிகளிடம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வலையில் புதுமையான உயிர் ஏதேனும் அகப்பட்டால், கரை சேர்ந்தவுடன் அவருக்குச் செய்தி அனுப்புவார்கள்.

1938-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அத்தகைய செய்தி ஒன்று வந்தது. சாலும்னா ஆற்று முகத்திற்கு அப்பால் ஏறத்தாழ 40 பாகம் ஆழத்தில் வலை இழுத்த 'நெரின்' என்னும் கப்பல் துறையை அடைந்திருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம், வேலையோ மிகுதி. ஆயினும் கப்பலோட்டிகளுக்கு வாழ்த்தேனும் கூறி வருவோம் என்று அம்மையார் சென்றார். சுறாவும் திருக்கையுமாகக் கிடந்த குவியலின் அடியில் நீலத் துடுப்பு ஒன்று தென்பட்டது. குவியலை விலக்கினார். ஐந்தடி நீளமும் 127 பவுண்டு எடையும் உள்ள மீன், நீல உடலில் வெண்புள்ளிகள், கவசம்போன்ற செதிள்கள். துடுப்புகள் சதைப்பற்றுள்ள தண்டுகளின் நுனியில் கைகால்கள் போல் அமைந்திருந்தன. வாலின் நடுவே மற்றொரு சிறு வாலும் இருந்தது.

நாறும் மீனை ஏற்ற மறுத்த வாடகை வண்டிக்காரரை ஒருவாறு இணங்கச் செய்து, அதனைக் காட்சிச் சாலைக்குக் கொணர்ந்தார். அங்கிருந்த மேலாளரோ, பாறையோரத்தில் வாழும் சாதாரண மீனே அது என்று தள்ளிவிட்டார். கோடை வெப்பம் கடுமையாக இருந்தது. பிணவறையினரும் குளிர்பதனக் கிடங்கினரும் மீனை ஏற்கவில்லை. இறுதியில், விலங்குத் தோலைப் பாடம் செய்பவர் ஒருவரிடம் அதனை ஒப்படைத்து, பார்மலின் தோய்த்த துணியும் செய்தித்தாளும் சுற்றி வைத்தார். மறுநாளே மீனின் படத்தை வரைந்து, கிரகாம்ஸ்டவுன் நகரத்துக் கல்லூரி ஆசிரியர் ஜே. எல். பி. ஸ்மித் என்பாருக்குக் கடிதம் எழுதினார்.

ஸ்மித் வேதியியல் கற்பிப்பவர். மீனாராய்ச்சி அவர் ஓய்வுநேரப் பணி. விடுமுறைக்கு வேறூர் சென்றிருந்த அவர் கைக்கு, சனவரி 3-ஆம் நாள்தான் கடிதம் எட்டியது. படத்தைக் கண்டு திகைத்தார். அது சீலகாந்த் என்னும் மீன்குலத்தின் வடிவம். அக்குலம் கற்படிவங்களாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தொழிந்தது என்பது அறிஞர் துணிபு. ஒரு கோட்டோவியத்தை நம்பி அதனை உயிருள்ளது என்று கூறினால் உலகம் நகைக்காதா? எலும்புக்கூட்டையும் செவுள்களையும் காத்து வைக்குமாறு உடனே தந்தி அடித்தார். அந்தோ! அழுகத் தொடங்கிய குடலும் பிற உள்ளுறுப்புகளும் அதற்குள் எறியப்பட்டுவிட்டன. எடுத்த நிழற்படங்களும் பழுதாயின. எஞ்சியவை தோலும் சில எலும்புகளுமே. பிப்ரவரி 16-ஆம் நாள் ஸ்மித் நேரில் வந்து கண்டார், ஐயம் நீங்கினார்.

மீனைப் பிடிப்பது வேறு. அதனை அறிவுலகிற்கு அறிமுகம் செய்வது வேறு. செதிளையும் துடுப்பு முள்ளையும் எண்ண வேண்டும். உறுப்புகளை அளக்க வேண்டும். முன்னறிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். பெயரிட்டு அச்சில் வெளியிட வேண்டும். பிறர் சோதித்துப் பார்க்கும்படி அம்மாதிரியைப் பாதுகாக்கவும் வேண்டும். 1939 மார்ச்சு 18-ஆம் நாள் 'நேச்சர்' இதழில் ஸ்மித் அம்மீனை விளக்கி எழுதி, 'லாட்டிமேரியா சாலும்னே' எனப் பெயர் சூட்டினார். கண்டெடுத்த அம்மையாரும், பிடிபட்ட இடத்து ஆறும் அப்பெயரில் இடம் பெற்றனர்.

இழந்த உள்ளுறுப்புகள் மட்டும் ஸ்மித்தின் மனத்தை விட்டு அகலவில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கீசிய மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டு, நூறு பவுன் பரிசும் அறிவித்து, கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரப்பினார். பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1952 டிசம்பரில் கொமோரோத் தீவுகளிலிருந்து இரண்டாவது மீன் கிடைத்த செய்தி வந்தது. தலைமை அமைச்சர் மலான் படை விமானம் ஒன்றை அளித்தார். பறந்து சென்று மீனைக் கண்ட ஸ்மித் கண்ணீர் உகுத்தார். வியப்பு யாதெனில், அத்தீவு மீனவர் அதனைக் 'கொம்பெசா' என்னும் பெயரால் முன்னரே அறிந்திருந்தனர்!

அம்மீனின் முதுகில் முன் துடுப்பு இல்லாதது கண்டு, ஸ்மித் அதனைத் தனிப் பேரினமாகக் கொண்டு 'மலானியா' எனப் பெயரிட்டார். அது பிழை. காயத்தால் துடுப்பை இழந்ததேயன்றி, அதுவும் முன்னைய இனமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடுத்துக் கிடைத்த மீன்களைப் பிரெஞ்சு அறிஞர்கள் அறுத்தாய்ந்து, முதுகெலும்புக்கு ஈடாக அதன் உடலில் நெய்மம் நிறைந்த குழலே உள்ளது என்று விளக்கினர். அது முட்டையிடுமா, குட்டி ஈனுமா என்பதோ நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1975-ஆம் ஆண்டில் நியூயார்க்குப் பொருட்காட்சிச் சாலையில் பெண்மீன் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றினுள் முழுவடிவம் பெற்ற ஐந்து குட்டிகள் இருந்தன.