கல்லீரலில் நீர்க்கட்டி: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போகிறவர். வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் 4 செ.மீ. நீர்க்கட்டி இருக்கிறதாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: பயப்படாதீங்கம்மா. சாதாரண நீர்க்கட்டி தொந்தரவு தராதவரை அதைச் சும்மா விடுவதுதான் வைத்தியம். இந்த அளவுக் கட்டி வலிப்பது அபூர்வம். வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி பெரிதாகி இரைப்பையை அழுத்தினால், லேப்ராஸ்கோப்பியில் சில சிறு துளைகள் போட்டு, கட்டியின் மேல்சுவரை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அதன்பின் ஊறும் நீர் வயிற்றறைக்குள் வழிய, உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் கிணறு மாதிரி மறுபடி ஊறிவிடும்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெளியுங்கள்: இது நாய்க் கழிவிலுள்ள நாடாப்புழு முட்டையால் வரும் ‘ஹைடாடிட்’ கட்டியா? அது வேறு ஜாதி. அதன் நீர் உள்ளே சிந்தினால் கடும் ஒவ்வாமை வரலாம், புதுக் கட்டிகளும் முளைக்கலாம். சிந்தாமல் உறிஞ்சியெடுக்கவென்றே கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு ஒரு குழாய்க் கருவியை உருவாக்கினார். ‘பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம்’ என்றே அதற்குப் பெயர். ஹைடாடிட் கட்டிக்கு அல்பெண்டசோல் மாத்திரையும் உண்டு. டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.