பேச வேண்டியவள் அவள், கேட்க வேண்டியவள் நான்

எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் டென்னிஸ் கோர்ட் கிடையாது. நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில், நடுவில் மூன்றடி உயரத்துக்குக் கயிறு கட்டித்தான் என் மகள் பந்தடிக்கக் கற்றாள். வார இறுதியில் மட்டும் பயிற்சியாளரிடம் நெய்வேலிக்குப் போவோம். அப்படி இரண்டு வருஷம் பழகிவிட்டு, சென்னையில் 12 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு முதல்முறையாகப் போனோம். முதல் சுற்றிலேயே தோற்றாள்.

அன்று இரண்டு தப்பு நடந்தது. ஒரு கேமில் புள்ளி 30-15, இவளுக்குத்தான் முன்னிலை. எதிரே நின்ற சிறுமி 15-30 என்றாள். என் மகளுக்குச் சரியான கணக்கு தெரியும். ஆனாலும் வாய் திறக்காமல் அடுத்த சர்வீஸைப் போட்டுவிட்டாள். அதே நேரம் வேலிக்கு வெளியே நின்ற நான், "முன்னாடி போய் அடி, முன்னாடி போ!" என்று கத்திக்கொண்டிருந்தேன். ரெஃப்ரீ வந்து என்னைக் கண்டித்தார்.

திரும்பும் ரயிலில் விழுப்புரம் வரும்வரை அவள் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நாளைக்கும் களத்துக்குப் போகணுமா?"

பேச வேண்டிய இடத்தில் அவள் பேசவில்லை, பேசக் கூடாத இடங்களில் எல்லாம் நான் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவற்றை, சிறிய ஊர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோருக்காகச் சொல்கிறேன்.

வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்

பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கோர்ட்டிலும் நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஜூனியர் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகளில் பெரும்பாலும் அப்படி யாரும் இருப்பதில்லை. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டால் உள்ளே. சந்தேகம் இருந்தாலும் உள்ளேதான், சந்தேகத்தின் பலன் எதிராளிக்கு.

சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் எதிராளிக்குக் கேட்கும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும். கணக்கில் தகராறு வந்தால் அடுத்த புள்ளியை ஆடக் கூடாது. அந்த கேமின் தொடக்கத்திலிருந்து, இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால் கையை உயர்த்தி ரெஃப்ரீயைக் கூப்பிடலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் ஊரில் பெண் பிள்ளைகளை, எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். சென்னைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும்போது என் மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் தினமும் களத்தில் அவளை ஸ்கோரைக் கத்திச் சொல்ல வைத்தேன். நான் வேண்டுமென்றே தப்புக் கணக்குச் சொல்வேன், அவள் மறுத்துப் பேச வேண்டும். ஃபோர்ஹேண்டுக்கு இணையான பயிற்சி இது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஜூனியர் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. தொடக்கநிலைப் போட்டிகளுக்கு டேலண்ட் சீரிஸ் என்று பெயர். ஒவ்வொரு போட்டிக்கும் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டை வரிவரியாகப் படியுங்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாள், கட்டணம், எந்தத் தரையில் ஆட்டம், எந்தப் பந்து எல்லாம் அதில் இருக்கும். பதிவு எண்ணையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே உறையில் வையுங்கள். ஆட்டத்துக்கு அழைத்த பிறகு கோர்ட்டுக்கு வரத் தாமதித்தால் எதிராளிக்கு வாக்ஓவர் கொடுத்துவிடுவார்கள்.

முதல்முறை விருத்தாசலம் ஜங்ஷனில் இரவு ரயில் ஏறி, விடியலில் இறங்கி, நேரே மைதானத்துக்குப் போனோம். பாதித் தூக்கத்தில் ஆடினாள். இப்போது முந்தின நாளே போய்விடுகிறோம். போட்டி நடக்கும் கோர்ட்டில் அரை மணி நேரம் அடித்துப் பார்க்க இடம் கேட்கிறோம். எங்கள் களத்தில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும், அங்கே தோள் உயரத்துக்கு எழும்பியது. புது ஷூவைப் போட்டி நாளில் மாட்டிவிடாதீர்கள். ராக்கெட்டின் நரம்பு அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டாவது ராக்கெட் வாங்க வசதி இல்லையென்றால் பயிற்சியாளரிடம் இரவல் கேளுங்கள்.

வெயிலும் வயிறும்

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி. பூரி, பரோட்டா வேண்டாம். பக்கம் மாறும் இடைவேளை 90 விநாடிதான், அதற்குள் இரண்டு கடி வாழைப்பழம், நாலு மடக்குத் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவுக்குப் போடக் கூடாது. தலைசுற்றல், குமட்டல் என்றால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் சிறுவயதில் நுரையீரல் நோயால் அடிக்கடி படுக்கையில் கிடந்தவர். உடம்பு தேற வேண்டும் என்றுதான் அவரை டென்னிஸுக்கு அனுப்பினார்கள். பெட்டி தயாரிக்கும் தொழிலை நடத்திக்கொண்டே அவருக்குத் துணை நின்றவர் தாய் மேகி. அந்தப் பையன்தான் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். பிள்ளையின் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வாங்கும் கோப்பை நமக்கு வேண்டாம்.

தோற்ற பிறகு

32 பேர் ஆடும் நாக்அவுட்டில் 16 பேர் முதல் சுற்றோடு வெளியேறுவார்கள். கடைசியில் 31 பேர் தோற்றுத்தான் வீடு திரும்புவார்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு முன்பு பெற்றோர் மனதில் வாங்க வேண்டும்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறேன். அச்சில் ஊற்றிய களிமண் கூழிலிருந்து ஈரத்தை அச்சு மெல்ல மெல்ல உறிஞ்சும். அவசரப்பட்டுப் பிரித்தால் பொம்மையின் முகம் கோணிவிடும். தினமும் கையால் செய்கிற இந்த வேலை கேட்கும் பொறுமை, அன்று ரயிலில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இப்போது தோற்ற அன்று ஆட்டத்தைப் பற்றி நானாக எதுவும் பேசுவதில்லை. "பசிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்பேன். மற்றதை மறுநாள் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

போன முறை இரண்டாவது சுற்றில் தோற்றாள். அந்த ஆட்டத்தில் ஸ்கோர் தகராறு வந்தபோது கையை உயர்த்தி ரெஃப்ரீயைக் கூப்பிட்டாள். தமிழிலேயே விளக்கினாள், புள்ளி அவளுக்குக் கிடைத்தது. ரயிலில் செங்கல்பட்டு தாண்டியதும் அவளாகவே தொடங்கினாள்: "அம்மா, அந்த மூணாவது கேம்ல என்ன ஆச்சு தெரியுமா?" விழுப்புரம் போனதே தெரியவில்லை. விருத்தாசலம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.