வால்வுப் பெருக்கியின் மூன்று குரல்கள்

தம்புராவின் குதிரைமேல், தந்தியின் கீழுள்ள நூலைச் சிறிது நகர்த்த நாதம் மாறுவதை அறிவோம். கிதாருக்கென வீட்டிலமைத்த சிறு வால்வுப் பெருக்கியிலும் அத்தகைய நூலொன்று உண்டு. முதல் வால்வின் கேதோடிலுள்ள 1500 ஓம் மின்தடை ஒலிப்பெருக்கத்தைத் தணிக்கும். அதற்கு இணையாக வைக்கும் கண்டென்ஸர் அத்தணிவை நீக்கும். கண்டென்ஸர் இல்லையேல் ஒலி அடங்கித் தெளியும். 25 மைக்ரோபாரட் வைப்பின் மந்தரமும் தாரமும் ஒருங்கே ஓங்கும். 0.68 மைக்ரோபாரட் வைப்பின் தாரமே மிகுந்து மந்தரம் பின்னிற்கும். மூன்று நிலைகளையுடைய ஸ்விச் ஒன்றினால் இம்மூன்றையும் ஒரே பெருக்கியிற் பெறலாம்.

ஆயினும் ஒன்று மறவற்க. புதுவையில் நம் இல்லங்களுக்கு வரும் 230 வோல்ட், பெருக்கியினுள் 300-ஐயும் கடக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் வடிகட்டும் கண்டென்ஸர்களில் அது தங்கி உயிரைக் கவரவல்லது. ஆதலின், தகுந்த மின்தடை வாயிலாக அதனை வடித்து, மீட்டரால் அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். நாதத்தினும் உயிர் அரியதன்றோ!