அறைக்குள்ளே மூன்று ரவுண்ட்: கிக்பொக்சிங் உடற்பயிற்சி

இந்த முறை உடல்நலப் பக்கத்தில் கொஞ்சம் வித்தியாசமான ஒரு விசயத்தைப் பார்க்கப் போகிறோம். தலைப்பைப் பார்த்துவிட்டு "எங்களுக்கு ஏன் இந்தச் சண்டை வேலை?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஆளுக்கு ஆள் அடிபடுகிற பாடம் இல்லை. வெறும் காற்றில் குத்தி, காற்றில் உதைத்துச் செய்கிற தேகாப்பியாசம். ஆண், பெண், இளசு, ஐம்பது தாண்டியவர் எல்லாருக்கும் அவரவர் அளவுக்கு ஏற்றது.

பிரித்தானியாவில் தஞ்சம் கோரிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் எழும்பிப் போவதற்கு ஓர் இடம் இல்லை. ஹோட்டலிலோ, பலர் சேர்ந்து இருக்கிற வீட்டிலோ ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு ஜன்னல். பகல் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் இரவு நித்திரை எங்கே வரும்? விடியப்புறம் நாலு மணிக்குக் கண்ணயர்ந்து, மத்தியானம் எழும்புகிறது. எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் "நித்திரை இல்லை, நாரி பிடிக்குது, நெஞ்சு படபடக்குது" என்று சொல்லாதவர்கள் குறைவு. அதோடு எங்கட ஆக்களுக்கு, அதாவது தென்னாசியர்களுக்கு, நீரிழிவு வரும் அபாயம் இயல்பாகவே கூட. இருந்த இடத்தில் இருந்து சோறும் பாணும் சாப்பிட்டால் அது இன்னும் கூடும்.

நடக்கலாமே, ஓடலாமே என்று கேட்பீர்கள். நடங்கள், நல்லது. ஆனால் மழையும் குளிரும் நாலு மணிக்கே இருட்டுமாக இருக்கிற மாதங்களில் வெளியே போக மனம் வராது. கிக்பொக்சிங்குக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். சாமான் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கால், இடுப்பு, வயிறு, தோள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், மூச்சும் பழகும். இன்னொன்று, "ஒன்று, இரண்டு, உதை" என்று எண்ணிக்கொண்டு செய்யும்போது கேஸைப் பற்றி யோசிக்க இடமில்லை. அந்த இரண்டு நிமிசத்துக்காவது.

கிக்பொக்சிங் என்ற பெயர் 1960களில் ஜப்பானில் வந்தது. ஒசாமு நொகுச்சி என்ற போட்டி அமைப்பாளர், தாய்லாந்தின் குத்துச்சண்டையையும் கராத்தேயையும் சேர்த்து இந்தப் பெயரில் போட்டிகளை நடத்தினார். 1970களில் அமெரிக்காவில் வேறொரு வடிவம் எடுத்தது. 1990களில் பில்லி பிளாங்ஸ் என்பவரின் ரை-போ வீடியோக்கள் வந்த பிறகுதான், எதிராளி இல்லாமல் பாட்டுக்குச் செய்யும் உடற்பயிற்சியாக இது வீட்டுக்கு வீடு போனது. ஊரிலே சீனடி, சிலம்படி பழகினவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அவர்களுக்குக் கால் வைக்கிற முறை சீக்கிரம் பிடிபடும்.

இந்த நாட்டு மருத்துவ ஆலோசனைப்படி, வளர்ந்த ஒருவருக்குக் கிழமைக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி வேண்டும். அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. மிதமா கடுமையா என்று அறிய மெஷின் தேவையில்லை. செய்துகொண்டே கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது என்றால் மிதமானது. மூச்சு விடாமல் நாலைந்து சொல்லுக்கு மேல் சொல்ல முடியாது என்றால் கடுமையானது. முதல் மாதம் மிதமானதோடு நில்லுங்கோ.

தொடங்க முன்னம்

இதய வருத்தம், பிரஷர், நீரிழிவு, இழுப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், உடம்பில் பழைய குண்டுக்காயமோ செல் துண்டோ உள்ளவர்கள், தலையில் அடிபட்டவர்கள் முதலில் ஜீபியிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் ஜீபியிடம் பதிவதற்குப் பாஸ்போட்டோ விலாசச் சான்றோ கட்டாயம் இல்லை. தஞ்சம் கோரியவர்களுக்குச் சிகிச்சைக்குக் காசும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அறை நண்பரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிடுவீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில நீரிழிவுக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி இறங்கக்கூடும். பக்கத்தில் ஜூஸோ இனிப்போ வைத்திருங்கள்.

வெறுவயிற்றில் செய்யாதீர்கள். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்துச் செய்யலாம். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், நித்திரை இன்னும் தள்ளிப்போகும். பின்னேரம் நாலு, ஐந்து மணி நல்ல நேரம். கீழ்மாடியில் ஆட்கள் இருந்தால் துள்ளுகிறதை விட்டுவிடுங்கள்; துள்ளாமலே எல்லாம் செய்யலாம். அறையில் இன்னொருவர் இருந்தால் முதலே சொல்லுங்கள். கண் விழிக்கிற ஆள் முன்னால் ஒருவர் கை முட்டியை ஓங்கிக்கொண்டு நின்றால் அவருக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாடம்

முதல் ஐந்து நிமிசம் உடம்பைச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் நடை, தோளைச் சுற்றுதல், இடுப்பைச் சுற்றுதல், முழங்காலை மாறி மாறி வயிற்று மட்டத்துக்கு உயர்த்துதல். குளிர் நாளில் இது எட்டு நிமிசம் ஆகட்டும். இதை விட்டுவிட்டு நேரே உதைக்கத் தொடங்கித்தான் பலர் தொடையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நிலை: வலக்கைக்காரர் இடக்காலை முன்னால் வையுங்கள், வலக்கால் தோள் அகலத்துக்குப் பின்னால். பின் குதி லேசாக எழும்பி இருக்கட்டும். முழங்கால் இளகி இருக்க வேண்டும். இரண்டு கையும் கன்னத்துக்குப் பக்கத்தில், முழங்கை விலாவோடு. நாடி கொஞ்சம் கீழே. இடக்கைக்காரர் இதை மாற்றிச் செய்யுங்கள்.

முட்டி: பெருவிரலை உள்ளே வைத்து மூடாதீர்கள், வெளியே மடிந்து இருக்கட்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும்.

முன்கைக் குத்துக்கு ஜாப் என்று பெயர். முன்னால் உள்ள கையை நேரே நீட்டி, போன வழியாலேயே கன்னத்துக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள். பின்கைக் குத்து குரொஸ். இதில்தான் உடம்பு முழுக்க வேலை செய்கிறது. பின் பாதம் நிலத்தில் சுழல, அதோடு இடுப்பு திரும்ப, அதற்குப் பின்னால் தோள், கடைசியாகத்தான் கை. கையால் மட்டும் குத்தினால் தோள் நோகுமே தவிர வேறு பலன் இல்லை. காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசி வரை இறுக்கி நீட்டாதீர்கள், மூட்டு கெட்டுவிடும். இதே காரணத்துக்காகத்தான் கையிலும் காலிலும் பாரம் கட்டிக்கொண்டு செய்வதை நான் விரும்புவதில்லை.

முன் உதை: முதலில் முழங்காலை மார்பை நோக்கி உயர்த்துங்கள், பிறகு பாதத்தை முன்னால் தள்ளுங்கள், மடக்கி இறக்குங்கள். கதவைக் காலால் தள்ளுகிற மாதிரி. உயரம் முக்கியம் இல்லை. இடுப்பு மட்டம் தாராளம். சுற்று உதை என்பது பக்கவாட்டால் வளைந்து வருவது. அதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நிலத்தில் ஊன்றியிருக்கும் பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலில்தான் முறுக்கு விழும். கம்பளத்தில் பாதம் சுலபமாகச் சுழலாது, காலுறை போட்டால் வழுக்கும். ஆகவே முதல் இரண்டு கிழமைக்கு முன் உதை மட்டும் போதும்.

ஒவ்வொரு குத்துக்கும் உதைக்கும் மூச்சை வெளியே விடுங்கள். "ஸ்ஸ்" என்று சத்தமாக விட்டாலும் பரவாயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற பழக்கம் எங்களில் கனபேருக்கு இருக்கு. பயந்து வாழ்ந்த உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதை விடப் பழகுகிறதுதான், என் அபிப்பிராயத்தில், இந்தப் பயிற்சியின் பெரிய லாபம்.

இனி ரவுண்ட். ஃபோனில் இரண்டு நிமிசம் அலாரம் வையுங்கள். இரண்டு நிமிசம் வேலை, ஒரு நிமிசம் ஆறுதல். முதல் ரவுண்ட் முழுக்க ஜாப், குரொஸ் இரண்டும்தான், மெதுவாக. இரண்டாவதில் ஜாப், குரொஸ், முன் உதை. மூன்றாவதில் அதையே எதிர்க் காலை முன்னால் வைத்துச் செய்யுங்கள். தடுமாறும், அது வழமை. ஆறுதல் நிமிசத்தில் இருந்துவிடாமல் நடந்து, தண்ணீர் குடியுங்கள். மூன்று ரவுண்டும் லேசாக முடிகிற நாளில் நாலாவதைச் சேர்க்கலாம், அல்லது ரவுண்டுக்கு இடையில் பத்துத் தரம் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். கடைசியில் ஐந்து நிமிசம் தொடை, கெண்டைக்கால், தோள், நாரி எல்லாவற்றையும் மெதுவாக நீட்டி விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். செய்யும்போது நெஞ்சு இறுகி நொந்தாலோ, அந்த நோ கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே நிறுத்தி 999க்கு அடியுங்கள்.

வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

தனியே செய்து அலுத்தால் வகுப்புக்குப் போகலாம். தஞ்சம் கோரியவர் விளையாட்டு வகுப்புக்குப் போக எந்தத் தடையும் இல்லை. சில கவுன்சில் லெஷர் சென்ரர்களில் தஞ்சம் கோரியவர்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. சில ஜீபிமாரே கடிதம் தந்து பயிற்சிக்கு அனுப்புவார்கள். பெண்களுக்கென்று தனி வகுப்பும் பல இடங்களில் இருக்கு. ஆனால் தனியார் ஜிம்மில் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். உங்களை வேறு நகரத்துக்கு மாற்றினாலும் மாதக்காசு கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.

சேரும்போது "நொன்-கொன்ராக்ற் வகுப்பா?" என்று கேளுங்கள். ஸ்பாரிங் என்றால் இருவர் உண்மையாகவே அடித்துப் பழகுவது. அது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கோச் கோபிக்க மாட்டார். வகுப்பில் "வண்-ரூ" என்றால் ஜாப், குரொஸ். "ஹான்ட்ஸ் அப்" என்றால் கையைக் கன்னத்துக்குக் கொண்டு போ என்றுதான் அர்த்தம். எங்களுக்கு அந்தச் சொல் வேறு இடத்தில் கேட்ட சொல், திடுக்கிட வேண்டாம். எங்காவது நொந்தால் "ஸ்ரொப்" என்று உரத்துச் சொல்லுங்கள்.

கோச் கெட்டிக்காரர் என்று உங்களைக் கண்டுபிடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கக் கூப்பிட்டு, கையில் இருபது பவுண் தந்தால் வாங்காதீர்கள். அது வேலை. காசில்லாமல் உதவி செய்வதென்றாலும், தனியார் ஜிம் என்றால் முதலில் உங்கள் சொலிசிற்றரிடம் கேளுங்கள். தொண்டு நிறுவனத்தில் தொண்டு செய்வதும் தனியார் கடையில் சும்மா நிற்பதும் ஒன்றல்ல.

சித்திரவதைக்கு உட்பட்டவர்களுக்கு

இதை வாசிக்கிறவர்களில் தடுப்பில் அடிபட்டவர்கள் இருப்பீர்கள். மூடிய அறை, விசில், உரத்த கட்டளை, முகத்துக்கு நேரே வரும் கை: இவை பழையதைக் கிளறிவிடலாம். அது உங்கள் பலவீனம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, இரண்டு பாதமும் நிலத்தில் படுவதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளை மனதுக்குள் தமிழில் பெயர் சொல்லுங்கள். வெளியே போய்க் காற்று வாங்குங்கள். திரும்பத் திரும்ப வந்தால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு நடையோ நீச்சலோ பாருங்கள், ஜீபியிடமும் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விசயம். உங்கள் தழும்புகளைப் பார்த்து மருத்துவர் அறிக்கை எழுத இருந்தால், அவர் ஒவ்வொரு தழும்பும் நீங்கள் சொல்லும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பார். வேறு எதனால் வந்திருக்கலாம் என்றும் யோசிப்பார். எங்களிடம் வந்த ஒரு தம்பி, பரிசோதனைக்கு முதல் கிழமை வகுப்பில் வாங்கிய கண்டலோடு போய் நின்றார். கேட்டபோது வெட்கத்தில் "அதுவும் அங்கேதான்" என்று சொல்லிவிட்டார். ஒரு சின்னப் பொய் மற்ற உண்மை எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கப் பார்த்தது. திருத்திச் சொல்ல இரண்டு கடிதம் எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் அடிபட்டால் திகதி, இடம், எப்படி என்று ஒரு கொப்பியில் அன்றைக்கே எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்க முன்னமே நீங்கள் சொல்லுங்கள். உடற்பயிற்சி செய்கிறேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நித்திரைக்காகச் செய்கிறேன், உதவுது, ஆனால் கனவு நிற்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லெஷர் சென்ரரில் கட்டணக் குறைப்புக் கேட்க ஆங்கிலத்தில் கடிதம் தேவையானவர்கள் எங்கள் நிலையத்துக்கு வரலாம். வரும்போது உங்கள் ஏ-ஆர்-சி காட்டையும் இருப்பிட விலாசத்தையும் கொண்டு வாருங்கள். சப்பாத்து இல்லாதவர்கள் கால் அளவைச் சொல்லிவிட்டுப் போங்கோ, வருகிற உடுப்புப் பைகளில் பார்த்து எடுத்து வைக்கிறோம்.