நாய்க்குட்டி வாங்குமுன் கேட்க வேண்டிய வினா

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் இல்லம் கட்டிக் குடியேறுவோர் பலர் காவலுக்கென நாய் வளர்க்கின்றனர். நம் சமுதாயக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. உயிர் ஒன்றை இல்லத்தில் ஏற்போர் அதன் நலத்திற்கும் பொறுப்பேற்கின்றனர். அப்பொறுப்பு குட்டி வீடு வரும் நாளில் தொடங்குவதன்று; அதன் தாயும் தந்தையும் இணையுமுன்பே தொடங்குகிறது. இதுவே இப்பாடத்தின் கருத்தாகும்.

நம் தெருவில் ஓர் அன்பர் இல்லத்தில் டாபர்மேன் நாய் ஒன்று வளர்ந்தது. வயது நான்கு, நோயென்று ஒருநாளும் படுத்ததில்லை. ஒரு மாலை வாயிற்கதவு நோக்கி ஓடிவந்தது, அங்கேயே விழுந்து உயிர் நீத்தது. இதயத் தசை நோயாக இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். “டீச்சர் பாட்டி, நாங்கள் என்ன குறை வைத்தோம்?” என்று அவ்வீட்டுச் சிறுமி நம்மிடம் கேட்டாள். உணவிலும் அன்பிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. குட்டியின் பெற்றோருக்கு இதயப் பரிசோதனை நடந்ததா என்று மட்டும் கேட்கவில்லை.

டாபர்மேன் இனத்தில் இதயத் தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, துடிப்பின் ஒழுங்கு கெடும் நோய் மிகுதி. அது பரம்பரையாக வருவது, ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பது. சில நாய்களுக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறி. பாக்சர் இனத்திலும் துடிப்பொழுங்கு கெடும் பரம்பரை நோய் உண்டு.

ஸ்டெதாஸ்கோப்பால் கேட்பது மட்டும் இந்நோயை அறியப் போதாது. எக்கோ பரிசோதனை இதயத்தின் அளவையும் இயக்கத்தையும் காட்டும். ஹோல்டர் கருவியை உடலில் கட்டி, 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்தல் வேண்டும். நோய் நடுவயதில் வெளிப்படுவதால் ஒருமுறை சோதித்து நிறுத்தலாகாது; ஆண்டுதோறும் சோதித்தல் நன்று. மரபணுச் சோதனை துணை செய்யுமேயன்றி இவற்றிற்கு ஈடாகாது. எழும்பூரை அடுத்த வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை இதற்கு அணுகலாம்.

நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ப்பது மறைந்துள்ள குறைகளை வெளிக்கொணரும். நிறம் ஒன்றையே நோக்கி வளர்ப்பதும் தீங்கே. நம் நாட்டு இராஜபாளையம் இனத்தில் வெண்ணிறத்தையே விரும்பித் தேர்ந்ததன் விளைவாகப் பிறவிச் செவிடு மிகுந்தது.

நடுவண் அரசு 2017-இல் வகுத்த நாய் இனப்பெருக்க விதிகள், 18 மாதம் நிரம்பாத பெட்டை நாயை இணை சேர்க்கலாகாது என்றும், 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்றும் கூறுகின்றன. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. விற்பனைக்காக ஓய்வின்றி ஈனச் செய்வதும் அத்தகைய பாரமே எனக் கொள்ளத்தகும்.

அச்சிறுமியின் குடும்பத்தார் மீண்டும் ஒரு குட்டியைக் காணச் சென்றனர். பெற்றோரின் எக்கோ அறிக்கையைக் கேட்டனர். “இதுவரை எவரும் கேட்டதில்லை” என்றார் விற்பவர். வெறுங்கையுடன் திரும்பினர். அதனை நாம் இழப்பாகக் கருதவில்லை. கேட்போர் பெருகினால் சோதிப்போரும் பெருகுவர்.

சிறார் சிந்தனைக்கு:
1. நலமாகத் தோன்றும் நாய்க்கும் இதயப் பரிசோதனை ஏன் வேண்டும்?
2. ஒருமுறை மட்டும் சோதித்தல் ஏன் போதாது?
3. குட்டி வாங்குமுன் விற்பவரிடம் நீவிர் கேட்கும் முதல் வினா யாது?