ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை மூட்டை?

கடைக்கு வரும் எந்தச் சரக்கையும் நாம் பார்க்காமல் வாங்குவதில்லை. மிளகாய் வற்றல் மூட்டையில் ஈரம் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கிறோம். துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கிறோம். எடையில் நூறு கிராம் குறைந்தாலும் மொத்த வியாபாரிக்கு உடனே ஆள் அனுப்புகிறோம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பணம் கட்டி வாங்கும் ஒரு சரக்கை மட்டும் நாம் பார்த்ததும் இல்லை, நிறுத்ததும் இல்லை. அது மின்சாரம். இந்தப் பாடத்தில் அதைத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

மின்வாரிய அட்டையில் 'யூனிட்' என்று எழுதுகிறார்களே, அது ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடுவதற்கான அளவு. இதை நமக்குத் தெரிந்த கணக்குக்கு மாற்றலாம். 50 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கி லாரியில் வைப்பதற்கு ஒரு வேலை அளவு உண்டு. இழப்பே இல்லாமல் தூக்கினால், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ 7,300 மூட்டைகளைத் தூக்கலாம். ஒரு லாரிக்கு 200 மூட்டை என்று வைத்தால் 36 லாரி! இவ்வளவு மூட்டைக்கு ஏற்றுகூலி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மின்சாரம் எவ்வளவு மலிவான வேலையாள் என்பது விளங்கும். அந்த வேலையாளை நாம் எவ்வளவு வீணடிக்கிறோம் என்பதும் கூடவே விளங்கும்.

நம் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்புகிறது. 1950-களின் கடைசியிலிருந்து அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, இயந்திரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் வயலுக்குப் போகிறது. தொடக்கத்தில் அங்கே நிறுவப்பட்டவை 35 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கணக்குப்படி ஒரு யூனிட். லோயர் கேம்பில் தண்ணீர் ஆயிரம் அடிக்கு மேல் இறங்குகிறது. ஆகவே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி காலியாகும் அளவு நீர், இழப்புப் போக ஏறக்குறைய ஒரு யூனிட்டைத் தந்துவிட்டுப் போகிறது. அப்படிப் போகும் தண்ணீரில் ஒரு சொட்டும் குறைவதில்லை என்பதுதான் இதில் வியப்பு. அதே தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்கும் பாய்கிறது. அணையில் தண்ணீர் இறங்கினால் மின்சாரமும் குறையும், விவசாயியின் கையில் பணமும் குறையும், நம் கடையில் கடன் நோட்டு தடிக்கும். மூன்றும் ஒரே குழாயில் வருகின்றன.

அடுத்தது காற்று. கோம்பை என்றால் வெளியூர்க்காரர்கள் நாயைத்தான் விசாரிப்பார்கள். ஆனி, ஆடியில் இங்கே கடை நடத்தியவருக்கோ காற்றுதான் முதலில் நினைவுக்கு வரும். வாசல் படுதாவுக்கு இரண்டு கயிறு போதாது, நான்கு கட்ட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரின் இடைவெளிகளில் புகுந்து, நெருக்கப்பட்டு, வேகம் கூடி இந்தப் பக்கம் இறங்குகிறது. நம் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் நிற்கும் காற்றாலைகள் இதை நம்பித்தான் நிற்கின்றன.

காற்றைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கக்கூடிய சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, நேற்று வரை நின்ற படுதா இன்று கிழிவதற்குக் காரணம் இதுதான். காற்றாலைகள் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியை மே முதல் செப்டம்பர் வரையிலான சில மாதங்களில் முடித்துவிடுவதற்கும் இதுதான் காரணம்.

சரி, காற்றிலுள்ள சக்தி முழுவதையும் பிடித்துவிடலாமா என்றால் முடியாது. ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே இதற்கு எல்லை கண்டார்: நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க இயலாது. கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்கியவர் வெளியே போனால்தான் அடுத்தவர் உள்ளே வர முடியும். காற்றும் அப்படியே. இறக்கையைத் தாண்டிய காற்று கொஞ்சம் வேகத்தோடு விலகிப் போகாவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது.

இனி கடைக்குள் வருவோம்.

குளிர்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். உண்மையில் அது உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கி அதோடு சேர்த்துக் கொட்டுகிறது. பூட்டிய அறையில் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராது, சூடுதான் ஏறும். சுவரோடு ஒட்டிப் பெட்டியை வைத்து, இண்டு இடுக்கில் பிஸ்கட் அட்டைகளைச் சொருகினால், வெளியேற்றிய வெப்பத்தை அதுவே திரும்பத் திரும்ப அள்ள வேண்டியிருக்கும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுவது செலவில்லாத வைத்தியம். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டு போன்ற தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாலும் தயிரும் கெடும், மீட்டரும் ஓடும். புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் நட்சத்திரக் குறியோடு அது எந்த ஆண்டின் குறி என்றும் பார்க்க வேண்டும். தர அளவை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்துக்குச் சமமாகாது.

விளக்கு, மின்விசிறிக் கணக்கு எளிது. பழைய குழல்விளக்கு, சோக்குடன் சேர்த்து 52 வாட் எடுக்கும். எல்இடி குழல் 20 வாட். ஆறு விளக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 115 யூனிட் மிச்சம். 75 வாட் விசிறிகள் மூன்றுக்குப் பதில் 30 வாட் விசிறிகள் மூன்று போட்டால் மேலும் 81 யூனிட். இதைக் கடைக்கான கட்டண விகிதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சூரிய மின்சாரத்தைப் பற்றி யோசிப்பதே முறை. ஒழுகும் தொட்டியை அடைக்காமல் பெரிய மோட்டார் வாங்குவானேன்?

சூரியத் தகடு விற்க வருகிறவர்கள் "நம்ம ஊர் வெயிலுக்கு அள்ளிக் கொட்டும்" என்பார்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அன்று. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி நூற்றுக்கு 0.3 முதல் 0.4 பங்கு வரை குறையும். சித்திரை நடுப்பகலைவிட, மழை விட்டு வானம் தெளிந்த குளிர்ந்த பகலில் தகடு நன்றாக வேலை செய்யும். ஒரு கிலோவாட் தகட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று கொண்டால் ஏமாற்றம் இராது. மாடியில் பக்கத்துத் தென்னையின் நிழல் விழுந்தால் அதுவும் இல்லை.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத செய்தி இன்னொன்று. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த சூரிய அமைப்பு, மின்தடை வந்தால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் மேல் நம் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அது சரியானதே. ஆனால் மின்தடைக்கு மாற்று என்று நினைத்து வாங்கியவர் ஐஸ்கிரீம் உருகுவதைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். அந்தத் தேவைக்குப் பேட்டரி வேண்டும், அதன் விலை தனி.

மானியமும் அப்படியே. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது வீட்டு இணைப்புக்கு மட்டும். மேலே வீடு, கீழே கடை என்று இருப்பவர்கள் வீட்டுப் பெயரில் மானியம் வாங்கிக் கடைக்குக் கம்பி இழுக்க நினைத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி அனுமதியற்ற பயன்பாடு என்று அபராதம் வரும். மிஞ்சும் மின்சாரத்துக்கும் கடைகளுக்கு விதி வேறு. வாரியம் தரும் விலை நாம் கொடுக்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே பகலில் கடையில் ஓடும் குளிர்பெட்டி, விசிறி, மாவு மில் எவ்வளவு தின்னுமோ அந்த அளவுக்கே தகடு போடுவது வியாபாரியின் கணக்கு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் இணைப்பின் வகை என்ன, அனுமதித்த சுமை எவ்வளவு, மிஞ்சும் யூனிட்டுக்கு இன்றைய விலை என்ன என்ற மூன்றையும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பவரிடம் தகட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியே விலைப்பட்டியலில் குறித்துத் தரச் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றல்ல.